கேனுக்குள் ஒட்டிய வசனம்

மார்ச் 5, புதன். சாம்பல் புதன்.

பெங்களூர் வந்து சேர்ந்தேன். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். கொண்டுவந்தவை: புளி இரண்டு உருண்டை, கருப்பட்டி ஆறு வட்டு, இட்லிப்பொடி ஒரு டப்பா, அரிவாள்மணை ஒன்று, காந்த வசனம் பன்னிரண்டு. உடைந்தது எதுவும் இல்லை. ஸ்தோத்திரம்.

மகள் ஹெப்சிக்கு இது ஆராய்ச்சியில் ஆறாம் வருஷம். கடைசி அளவு எடுத்துவிட்டால் எழுதி முடித்துவிடுவாளாம். வீடியோவில் பார்த்தால் கழுத்தெலும்பு தெரிகிறது. “ஈஸ்டர் வரைக்கும் போய் இருந்து சமைச்சுப் போட்டுட்டு வா. எதையும் தொடாத, எதையும் கேக்காத” என்று அவுக சொல்லி அனுப்பினார்கள்.

லெந்து நோன்பு நாற்பது நாளும் காபி கிடையாது என்று பொருத்தனை. ஹெப்சி கேட்கிறாள்: “நீ காபி விட்டா கர்த்தருக்கு என்னம்மா லாபம்?” அவள் காபி போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தாள். சாயங்கால ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். அவளுக்கு வேலை.

மார்ச் 6

பால் ஏழு மணிக்கு. வீட்டில் இரும்பு என்று பார்த்தால் பீரோ, பிரிட்ஜ், ஜன்னல் கம்பி. மூன்றிலும் வசனம் வைத்தேன். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்வேன், அதனால் இருப்பில் கழிக்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டரும் அவுக ஸ்கூட்டரும்கூட வசனம் இல்லாமல் இருந்ததில்லை. மாதர் சங்கத்தில் நாங்களே செய்வது. தீப்பெட்டி அளவு மரத்துண்டு, முன்பக்கம் வசனம், பின்பக்கம் பொத்தான் காந்தம் இரண்டு. பசை நான் காய்ச்சுவது. இதுவரை ஒன்றும் விட்டதில்லை.

மார்ச் 8, சனி

கேட்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன். என்னதான் செய்கிறாய்?

“க்வாண்டம் கம்ப்யூட்டருக்கு க்யூபிட் செய்றேன்மா.”

நகம் அளவு சிலிக்கான் சில்லு. அதன்மேல் அலுமினியம், கண்ணுக்குத் தெரியாத மெலிசில் பூசி, கோடு கோடாக வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு இடத்தில் அலுமினியத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையில் துருமாதிரி ஒரு படலம். பால்மேல் ஆடை படிகிற மாதிரி, ஆக்ஸிஜனைக் கொஞ்சம் விட்டுச் சட்டென்று நிறுத்தினால் படியுமாம். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. அந்தப் படலம்தான் உயிர்நிலை.

“இதுல ஒன் பங்கு எது?”

“பூசுறதுக்கு முன்னாடி சிலிக்கானைக் கழுவணும். அந்தக் கழுவுற முறைதான் என்னோடது. பழைய முறையில கழுவினா மேல ஏதோ அழுக்கு தங்கிடுது, க்யூபிட் சீக்கிரம் செத்துப்போகுது. என் முறையில நெடுநேரம் இருக்கணும். அதைத்தான் அளந்து காட்டணும்.”

ஆக, என் மகள் ஐந்து வருஷத்துக்கு மேலாகக் கழுவுவதைப் படித்திருக்கிறாள். தொட்டியில் நேற்றைய டம்ளர் ஏழு கிடந்தது.

மார்ச் 11

அவள் எழுதி வைத்திருக்கும் ஆய்வேட்டை எடுத்துப் படிக்கிறேன். அகராதி பக்கத்தில். நான் பத்தாவதோடு நின்றவள். ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எடுக்க வேண்டி நானாக இங்கிலீஷ் கற்றேன், வேதத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதே முறைதான் இதற்கும். இன்று ஒரு பக்கமும் கால்வாசியும் ஆயிற்று. புரிந்தது அந்தக் கால்வாசி.

ஜன்னல் திரை துவைத்தேன்.

மார்ச் 15, சனி

இன்று ஆய்வகம் பார்த்தேன்.

தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்குப் பை. ஹெப்சியோடு வேலை செய்கிற தீரஜ் என்கிற கன்னடப் பையன், முப்பது வயசு இருக்கும், “வாங்க ஆண்ட்டி, கல்யாண மண்டபம் பாருங்க” என்று கூட்டிப்போனான். அவன் சொன்னது சரிதான். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது, தங்க முலாம் பூசிய தட்டு தட்டாக, தட்டுக்குத் தட்டு கம்பிகள் இறங்கி, மண்டபத்துச் சரவிளக்கு மாதிரியே. ஒவ்வொரு தட்டும் மேலே இருப்பதைவிடக் குளிராம். அடித்தட்டில் சில்லு. எல்லாவற்றையும் உறைமேல் உறை போட்டு மூடி, காற்றை உறிஞ்சிவிட்டுக் குளிரவைப்பார்கள். பக்கத்தில் பம்பு சிக் சிக் என்று ஓடுகிறது, தையல் மிஷின் மாதிரி.

சில்லு இரண்டு. ஒன்று ஹெப்சி முறையில் கழுவியது, ஒன்று பழைய முறையில் கழுவியது. ஒப்பிட்டுக் காட்டத்தான் இரண்டு. ஏப்ரல் 20 வரைதான் இந்தக் குளிர்ப்பெட்டி இவளுக்கு. 21ஆம் தேதி வேறு குழுவுக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த வருஷம்தான் கிடைக்கும், அதற்குள் இவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். இதுதான் கடைசி என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கை தன்னால் கழுத்துக்குப் போயிற்று. சின்ன வயசிலிருந்து பயந்தால் அப்படித்தான்.

“ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்டேன்.

“எம்மா, இங்க வேண்டாம்.”

சரி என்றுவிட்டேன். ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் கூப்பிட்டார்கள் என்று இரண்டு பேரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். மேசையில் சில்லுக்கு மேல் மாட்டுகிற உறை இருந்தது, கேன் என்கிறார்கள், நீளமான தூக்குவாளி மாதிரி. கைப்பையில் ஒரு வசனம் வைத்திருந்தேன். கேனுக்குள் கைவிட்டு அடியில் வைத்தேன். அது இரும்பாக இராது, நிற்காது என்று நினைத்தேன். ‘டக்’கென்று பிடித்துக்கொண்டது, என் கையிலிருந்து பிடுங்கிய மாதிரி. அடையாளம் என்றே எடுத்துக்கொண்டேன். காலை 11.20.

அவர்கள் வந்து கேனை மாட்டினார்கள். யாரும் உள்ளே பார்க்கவில்லை. ஜெபம் வேண்டாம் என்றாள், வசனம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வசனம் இருப்பு: பதினொன்று. ஒன்று குறைவு.

மார்ச் 18, செவ்வாய்

குளிர்ந்துவிட்டது. பத்து மில்லிகெல்வின். இதற்குக்கீழே குளிரே இல்லை என்கிற ஒரு எல்லை இருக்கிறதாம். அந்த எல்லைக்கு மேல் ஒரு டிகிரியை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு. நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிற வெட்டவெளிகூட இதைவிட இருநூறு மடங்குக்குமேல் சூடு என்றாள். சிருஷ்டியில் இல்லாத குளிரை அந்தத் தூக்குவாளிக்குள் வைத்திருக்கிறார்கள். வசனமும் அங்கே இருக்கிறது. நினைக்க நினைக்க ஆச்சரியம்.

மார்ச் 20

முதல் அளவு. ஹெப்சியின் சில்லு 9. பழைய முறைச் சில்லு 8. மைக்ரோவிநாடி என்று எழுத வேண்டும். ஒரு விநாடியைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு துண்டு.

போன வருஷம் பழைய முறைச் சில்லே 40 காட்டியது. இவளுடையது 60க்கு மேல் வரவேண்டும்.

எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டேன். மைக்ரோ அலையில் ஒரு தட்டுத் தட்டினால் க்யூபிட் ‘ஒன்று’ என்கிற நிலைக்கு ஏறி உட்காரும். கொஞ்சநேரம் விட்டு, “இன்னும் இருக்கியா?” என்று கேட்கிறார்கள். ஆம் அல்லது இல்லை, ஒரே பதில். கேட்டதோடு அந்தத் தடவை முடிந்தது, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இப்படிப் பல்லாயிரம் தடவை, காத்திருக்கிற நேரத்தை மாற்றி மாற்றி. நூற்றுக்கு எத்தனை தடவை ‘ஆம்’ வந்தது என்று புள்ளி வைத்தால் கோடு இறங்குகிறது, அடுப்புக் கங்கு அடங்குகிற மாதிரி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை இறங்க எவ்வளவு நேரமோ அதுதான் ஆயுசு.

“ஒரே ஜெபத்தை இருபதாயிரம் தடவை பண்ணி சராசரி எடுக்கே, அப்படித்தானே?” என்றேன்.

சிரித்துவிட்டாள். வந்து பதினைந்து நாளில் இன்றுதான் பல் தெரியச் சிரித்தாள். இரண்டு தோசை கூடுதல்.

மார்ச் 22

9. 9. 8. 9.

காஸ் மாற்றினேன்.

மார்ச் 26

தீரஜ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறான், வெளியே இருப்பவற்றை மட்டும். உள்ளே கைவைக்க வேண்டுமென்றால் சூடாக்கித் திறக்க வேண்டும். சூடாக்க இரண்டு நாள், மூடிக் காற்றெடுத்துக் குளிரவைக்க மூன்று நாளுக்குமேல். காரணம் தெரியாமல் திறந்தால் நாள்தான் போகும் என்று மேடம் சொல்லிவிட்டார்களாம்.

ஹெப்சி சாப்பிடுகிறாள், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் சாப்பிடுகிறாள். இன்று சோதனைக்காக ரசத்தில் புளியே போடாமல் வைத்தேன். “நல்லாருக்கும்மா” என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஆலயத்தில் ஹெப்சிக்காகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். போதகர் ஐயர் வாசிக்கும்போது “க்யூபிட்” என்கிற இடத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு “சகோதரியின் மகளுடைய காரியத்துக்காக” என்று முடித்துவிட்டார். கர்த்தருக்கு விளங்கியிருக்கும்.

சாயங்காலம் ஹெப்சி சொன்னாள்: “என் கழுவுற முறைதாம்மா சரியில்ல. வேற காரணமே இல்ல.”

“அப்போ பழைய முறையில கழுவினதும் ஏன் எட்டு காட்டுது?”

என்னையே பார்த்தாள். “அதைத்தான் தீரஜும் கேக்கான். ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கு, ரெண்டையும் ஏதோ ஒண்ணு கெடுக்குதுன்னு.” பிறகு, “நீ படிச்சிருக்கணும்மா” என்றாள்.

பாத்திரம் கழுவினேன். இரண்டு தடவை.

ஏப்ரல் 3, வியாழன்

தீரஜ் மத்தியானம் சாப்பிட வந்தான். கேனுக்குள் போகிற திருகாணி ஒவ்வொன்றையும் நூலில் கட்டிய காந்தத்தால் சோதித்துத்தான் போடுவார்களாம். காந்தம் ஆகவே ஆகாதாம். அந்தக் கேனே வெளிக்காந்தம் உள்ளே வராமல் தடுக்கத்தானாம்.

காபி குடித்தேன்.

ஏப்ரல் 4

ஆய்வேட்டில் நான்காம் அதிகாரம் படித்தேன். தெரிந்துகொள்ளத்தான். அலுமினியம் போதுமான அளவு குளிர்ந்ததும் காந்தத்தை வெளியே தள்ளிவிடுமாம். ஆனால் குளிரும்போதே பக்கத்தில் காந்தம் இருந்துவிட்டால் தள்ள முடியாமல் சின்னச் சின்னச் சுழியாக உள்ளேயே சிறைப்பட்டுவிடும். அந்தச் சுழிகள் க்யூபிட்டின் ஆயுசைத் தின்னும். மறுபடி சூடாக்கினால்தான் விடும்.

பொத்தான் காந்தம் அவ்வளவு பெரியதில்லை. அதுவும் அடியில் அல்லவா இருக்கிறது. சில்லு மேலே.

ஜன்னல் திரை மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 5

முறுக்கு சுட்டேன், இரண்டு டப்பா. இன்றைய அளவு 9.

சொல்ல வேளை வாய்க்கவில்லை. அவள் போன் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆலயம் போகவில்லை. கால் வலி.

ஏப்ரல் 7, திங்கள்

ஜூன் மாதம் ஒரு பெரிய கருத்தரங்கில் ஹெப்சி பேசுவதாக இருந்தது. பேசுகிறவர்கள் உறுதிசொல்ல இன்று கடைசி நாளாம். “காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல” என்று விலகிக்கொண்டு கடிதம் போட்டுவிட்டாள். அனுப்பும்போது நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையில் காம்பும் இலையும் கலந்துபோயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் அவுகளுக்குப் போன் போட்டேன். வெயில், தண்ணீர், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் விசாரித்தேன்.

“மாதர் சங்கக் கூட்டத்துல பேசுத மாதிரி சுத்தாத. எதைத் தொட்ட?” என்றார்கள்.

சொன்னேன். சிக்னல் போயிற்று என்று நினைத்து “இருக்கீகளா?” என்று கேட்டேன்.

“இருக்கேன். அந்தப் பிள்ளை தன் கையைத்தான் குத்தம் சொல்லிட்டு இருக்கு, என்ன?”

“ஆமா.”

“அப்போ எனக்கு எதுக்குப் போன் போட்ட?” வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை இட்லி வைக்கும்போது. தட்டை அவள் முன்னால் வைத்து, நின்றபடியே. கேனுக்குள்ளே ஒரு வசனம் ஒட்டியிருக்கிறேன், பின்னால் காந்தம் இரண்டு, என்று.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. “எந்தக் கேன்?” என்றாள். பிறகு எழுந்து பிரிட்ஜுக்குப் போய், அதிலிருந்த வசனத்தைப் பிடுங்கி, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். விரலால் காந்தத்தைத் தடவினாள். அரிவாள்மணைமேல் வைத்துப் பார்த்தாள். ‘டக்’.

“எம்மா.”

“ஒன் நல்லதுக்குன்னுதான்...”

“நல்லதுக்குத்தான். அது எனக்குத் தெரியும். ஏன் எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவியே.”

“ஆமா, சொல்லுவேன்! அதுக்குத்தானே கேக்குறது!”

கத்தினாள். அவள் கத்தி நான் பார்த்ததில்லை. அப்புறம் சத்தம் அடங்கி, “மூணு வாரம்மா. நான் கழுவுறதே தப்புன்னு மேடம்கிட்ட எழுதிக் குடுத்தேன்” என்றாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

செருப்பை மாட்டும்போது கேட்டாள்: “இது கெடுதல்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

இன்றைக்குத்தான் என்றேன்.

இட்லி நான்கும் அப்படியே இருந்தன. பத்து மணிக்குத் தீரஜ் போன்: “ஆண்ட்டி, வார்ம்-அப் ஸ்டார்ட் பண்ணிட்டோம். நீங்க டென்ஷன் ஆவாதீங்க. நான்கூட ஒரு தரம் உள்ள ஸ்பேனரே விட்டுட்டேன்.” நல்ல பையன். பொய்யாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 10

பேசவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

திறந்துவிட்டார்கள். தீரஜ் டார்ச் அடித்துப் பார்த்தானாம், அடியில் அப்படியே இருந்தது. பசை விடவில்லை. அந்தக் கேனே இப்போது கொஞ்சம் காந்தமாகிவிட்டது என்று வேறு கேன் மாட்டி மூடிவிட்டார்கள். இனி குளிர மூன்று நாள். அளக்க மிஞ்சுவது ஐந்தாறு நாள்.

இதெல்லாம் தீரஜ் சொன்னது. வசனத்தையும் அவன்தான் என்னிடம் கொண்டுவந்து தந்தான்.

ஏப்ரல் 12, சனி

ஹெப்சி மூன்று நாளுக்கப்புறம் என்னோடு பேசினாள்.

“ஆய்வகப் பதிவேட்டுல எழுதணும். எந்தத் தேதி, எத்தனை மணி, கேன்ல எந்தப் பக்கம்னு. நீ எழுதி வச்சிருப்பியே. உன் நோட்டைக் குடு.”

“வாயால சொல்லுதேனே.”

“மேடம் மூலப்பதிவு கேக்குறாங்கம்மா. படம் எடுத்து வைக்கணும்.”

குளித்துவிட்டு வந்து தருகிறேன் என்றேன். நோட்டைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மார்ச் 15 கேட்கிறாள். அதிலிருந்து நாலைந்து தாள் தள்ளி ஏப்ரல் 3, எட்டாம் தேதி வரை இருபுறமும் ஒரே தாளில். நூல் தையல் நோட்டு, அந்த ஒரு தாளை உருவினால் தெரியவே தெரியாது. அதோடு சேர்ந்து வருகிற மறுபாதியில் பால் கணக்கு மட்டும்தான்.

இருபத்தேழு வருஷமாக எழுதிவருகிறேன், ஒரு தாள் கிழித்ததில்லை.

கதவைத் தட்டுகிறாள். கொடுக்கப்போகிறேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

நோட்டு ஹெப்சியிடம். இது காலண்டர் தாளின் பின்பக்கம். பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆலயத்தில் கொடுத்த ஓலையில் சிலுவை மடித்தேன். அவள் மேசைமேல் வைக்க எடுத்துப்போய், வாசலில் நின்று, “இதை வைக்கட்டுமா?” என்று கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் “வை” என்றாள்.

நோட்டு அந்த மேசையில்தான் இருந்தது. ஏப்ரல் பக்கத்தில் பேனா வைத்து மூடியிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 15 (காலண்டர் தாள்)

குளிர்ந்துவிட்டது. தீரஜ் சொன்னான். எண் எவ்வளவு என்று கேட்டேன். “அது ஹெப்சிதான் சொல்லணும் ஆண்ட்டி, என்னைக் கொன்னுடுவா” என்றான்.

எனக்கு எண் தெரியாமல் ஆறு நாள் ஆயிற்று. மார்ச் 20இலிருந்து ஒருநாள் விடாமல் எழுதினேன். எழுதாத நாள் எத்தனை நீளம்!

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி (காலண்டர் தாள்)

மும்மணி ஆராதனை. திரும்பி வந்து கஞ்சியும் துவையலும். ஹெப்சி ஆய்வகத்திலிருந்து வந்து எதிரே உட்கார்ந்து குடித்தாள்.

“துவையல்ல புளி போதலை” என்றாள்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். அவளுக்கு நாக்கு திரும்பிவிட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை முடிந்து ஏழேகாலுக்கு வீடு வந்தேன். அவள் அதற்குள் கிளம்பிப்போயிருந்தாள், கடைசி நாள் அல்லவா. சாப்பாட்டு மேசையில் என் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, தட்டு போட்டு மூடி. டிகாக்‌ஷன் தண்ணீராக இருந்தது. குடித்தேன்.

நோட்டில் அவள் கையெழுத்து. அழித்து எழுத முடியாத பேனாவில் எழுதியிருக்கிறாள், ஆகவே இது என் கணக்கில் அப்படியே நிற்கட்டும்:

‘ஏப்ரல் 20. பதிவு: ஹெப்சி.

என் முறையில் கழுவியது: 71. பழைய முறை: 42. ஐந்து நாள் சராசரி. ஆய்வேட்டில் அந்த அதிகாரம் நிற்கும் என்று மேடம் சொல்லிவிட்டார்கள்.

அம்மா, பன்னிரண்டாம் தேதியே ஏப்ரல் 3 படித்துவிட்டேன். பொய் சொன்னாய் என்று அன்றைக்கே சண்டை போட வந்தேன். நீ சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். திரும்பிவிட்டேன். நீ அந்தத் தாளைக் கிழிக்காமல் கொடுத்தாய். நானாக இருந்தால் கிழித்திருப்பேன்.

கருத்தரங்கம் போனது போனதுதான். அதற்குக் கோபம் இருக்கிறது. தினமும் அளந்து பார்க்கிறேன், இறங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆயுசு எவ்வளவு என்று கணக்கு முடிந்ததும் சொல்கிறேன்.

மேடம் பதிவேட்டுக்காக உன் நோட்டைப் பார்த்துவிட்டு, “இப்படிப் பதிவு எழுத என் மாணவர்களுக்கு யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை” என்றார்கள். தீரஜ் ஒருவாரமாகத் தான் குடிக்கிற டீயைக்கூட மணியோடு எழுதுகிறான்.

உன் வசனம் பத்து மில்லிகெல்வினில் இருபத்திரண்டு நாள் இருந்து வந்திருக்கிறது. ஒரு எழுத்து அழியவில்லை. அதை ஊருக்கு எடுத்துப்போகாதே. எனக்கு வேண்டும். தருவாயா?’

மத்தியானம் பிரியாணி. தீரஜும் வந்தான். அவள் கேட்டதற்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லவில்லை. பரிமாறும்போது வசனத்தை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

ஏப்ரல் 21, திங்கள்

சாயங்காலம் ரயில். அரிவாள்மணையை அவளுக்கே விட்டுவிட்டேன். காலண்டர் தாள்கள் மூன்றையும் உரிய இடத்தில் ஒட்டியாயிற்று. பீரோ, பிரிட்ஜ், ஜன்னலில் இருந்த வசனங்களையும் எடுத்து எண்ணினேன். பதினொன்று, சரி.

மார்ச் 15 பக்கத்தில் ‘ஒன்று குறைவு’ என்றிருப்பதை அடிக்கவில்லை. அதன் எதிரே இன்றைய தேதி போட்டு எழுதினேன்: ஹெப்சி கேட்டு வாங்கிக்கொண்டாள்.